கொடுப்பவர் ஏன் கும்பிடுகிறார்?

பினாங்கில் சூச்சி அறநிறுவனம் 1997இல் தொடங்கிய இலவச டயாலிசிஸ் மையத்தில் தாதியாகச் சேர்ந்த புதிதில், மேசை மேல் இருந்த மூங்கில் குழாயை அலங்காரப் பொருள் என்றே நினைத்தேன். அது உண்டியல் என்று ஒரு தொண்டர் அக்காதான் விளக்கினார். 1966இல் தைவானின் ஹுவாலியனில், சூச்சியைத் தொடங்கிய செங் யென் என்ற பௌத்தத் துறவி 30 இல்லத்தரசிகளிடம் அப்படிப்பட்ட குழாய்களைக் கொடுத்து, காய்கறிக்கு வைத்திருக்கும் காசிலிருந்து தினமும் அரைத் தைவான் டாலர் போடச் சொன்னாராம். மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுத்தால் என்ன? கொடுக்கும் எண்ணமும் மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பது அவர் கருத்து. அந்தக் கணக்கு எனக்கு உடனே பிடித்துவிட்டது.

மலேசியாவுக்கு இந்தப் பணி 1980களின் இறுதியில், இங்கே தொழில் செய்ய வந்த தைவான் குடும்பங்களோடு வந்தது. பிறகு உள்ளூர்ச் சீனர்கள் சேர்ந்தார்கள். எனக்கு மாண்டரின் தெரியாது. ஆனால், சிகிச்சைக்கு வருபவர்களில் தமிழரும் மலாய்க்காரரும் இருந்ததால் வீடு பார்க்கப் போகும்போது என்னையும் அழைத்துக்கொள்வார்கள்.

அப்படிப் போன ஒரு அடுக்குமாடி வீட்டை மறக்க முடியாது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் எங்கள் நாற்காலியில் இருப்பவர். நீலச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் அணிந்த தொண்டர், உதவித்தொகை உறையை இரண்டு கைகளாலும் நீட்டி, இடுப்பு வரை குனிந்து நன்றி சொன்னார். லாரிக்காரரின் மனைவி பதறிவிட்டார். "கொடுப்பவர் எதற்கு மிஸ்ஸி நம்மைக் கும்பிடுகிறார்?"

கொடுக்கும் வாய்ப்பைத் தந்ததற்காக என்று மொழிபெயர்த்தேன். என் காதுக்கே அது ஒட்டவில்லை. அவர் சற்று யோசித்துவிட்டு, "கோயில் அன்னதானத்தில் சாப்பிட வருபவரைக் கும்பிட்டு உட்கார வைப்போமே, அதுபோலவா?" என்று கேட்டார். நான் தேடிய சொல் அவரிடம் இருந்தது. அன்று முதல் எந்த வீட்டிலும் அதையே சொல்கிறேன்.

சில மாதங்கள் கழித்து அந்த அண்ணன் தமக்கும் ஓர் உண்டியல் கேட்டார். சிகிச்சைக்கு வரும் நாளெல்லாம் 20 சென். ஒரு கையில் ஊசி ஏறியிருக்க, மறு கையால் அதை என்னிடம் நீட்டிய அன்று அதன் கனத்தில் என் மணிக்கட்டு தாழ்ந்தது. கிளைகளையும் மண்டபங்களையும் எண்ணி வளர்ச்சியைச் சொல்பவர்கள் சொல்லட்டும். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

அவர் மனைவி இப்போது சூச்சியின் மறுசுழற்சி நிலையத்துக்கு வருகிறார், அதே மாடியில் குடியிருக்கும் இரண்டு பெண்களோடு. போன ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்து பிளாஸ்டிக் போத்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த போத்தலை வாங்கி, மூடியைத் திருகி எடுத்து வேறொரு வாளியில் போட்டார்.

"மூடி தனி, போத்தல் தனி மிஸ்ஸி. பார்த்துக்கொள்ளுங்கள்."