இவாமி வெள்ளிமலையில் மூன்று நாள்

நவம்பர் 3, 2023, வெள்ளி

ஹிரோஷிமாவில் காலையிலேயே கிளம்பியும், ஓடா நிலையத்தில் பஸ் பிடித்து வெள்ளிச் சுரங்க ஊரான ஓமோரி வந்து சேர மதியமாகிவிட்டது. சுரங்க ஊர் என்றால் மொட்டை மலையும் மண்மேடுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே மலை முழுக்க மரமும் மூங்கிலும்தான். அடுப்புக் கரிக்காக வெட்டிய காட்டை மறுபடி வளர்த்தும் வந்திருக்கிறார்கள். 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற அதுவும் ஒரு காரணம்.

1527இல் கமியா ஜுதேய் என்ற ஹகாட்டா துறைமுக வணிகர் இங்கே தோண்ட ஆரம்பித்தார். ஆனால் ஊரின் தலையெழுத்தை மாற்றியது 1533இல் கொரியாவிலிருந்து வந்த ஒரு கைவித்தை. தாதோடு ஈயம் சேர்த்து உருக்கினால் வெள்ளி ஈயத்தோடு போய்விடும். அந்தக் கட்டியைச் சாம்பல் படுகையில் வைத்துக் காய்ச்சினால், ஈயம் சாம்பலுக்குள் இறங்க, வெள்ளி மட்டும் மேலே நிற்கும். இதை ஜப்பானியர்கள் ஹைஃபுகி என்கிறார்கள். 'புடம் போட்டது மாதிரி' என்று வாய்க்கு வாய் சொல்கிறேனே தவிர, புடத்துக்குள் என்ன நடக்கிறது என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

நவம்பர் 4, சனி

சுரங்க வாசலுக்கு பஸ் போகாது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை. வழியில் ஷிமிசுதானி ஆலையின் கல்சுவர்கள், படிப்படியாக, பாசி பிடித்து. 1895இல் பெரும் செலவில் கட்டி, தாது சரியில்லாமல் ஒன்றரை வருடத்தில் மூடியிருக்கிறார்கள். முதலீட்டாளர்கள் வந்து பார்க்கவேண்டிய இடம்.

ர்யூகென்ஜி சுரங்கம் 1715இல் தோண்டியது. சுரங்கத்துக்கு இங்கே 'மபு' என்று பெயர். உள்ளே சில்லென்று இருந்தது. சுவரெல்லாம் உளித்தழும்பு. பக்கவாட்டில் வெள்ளி ஓட்டத்தைத் துரத்திக்கொண்டு போன பொந்துகள். ஒரு ஆள் படுத்துத்தான் நுழைய முடியும். வெளிச்சத்துக்கு, கடல்நத்தை ஓட்டில் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு. அந்தப் புகையும் கல்தூசியும் நுரையீரலைத் தின்றுவிடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு வைத்தியர் பட்டுத்துணியில் உமெபோஷி என்ற உப்பிலிட்ட பழத்தின் சதையைத் தடவி முகமூடி செய்து கொடுத்தாராம். ஊறுகாய்ப் புளிப்பில் தூசியை நிறுத்தப் பார்த்த அந்த முகமூடியைத்தான் திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

ரகான்ஜி கோயிலுக்கு எதிரே, ஓடைமேல் வளைந்த கல்பாலங்களைத் தாண்டினால் பாறைக் குகைகள். உள்ளே வரிசை வரிசையாக 500 அருகர்கள், அதாவது ஞானமடைந்த புத்த சீடர்களின் கல்சிலைகள். சுரங்கத்தில் செத்தவர்களுக்காகச் செதுக்கத் தொடங்கி, 1766இல் முடிக்க ஏறத்தாழ 25 வருடம் ஆனதாம். ஒரு முகம் சிரிக்கிறது, ஒன்று அண்ணாந்து பார்க்கிறது, ஒன்றுக்கு யார் மேலோ கோபம்.

"ஏங்க, இது அப்படியே உங்க பெரியப்பா" என்றாள் மனைவி, கோபக்காரரைக் காட்டி. மறுக்க முடியவில்லை.

ஊர்க்கோடியில் இடோ ஹெய்சாயெமோன் என்பவருக்கு ஒரு கோயில். 1731இல் அறுபது வயதில் இந்த வெள்ளிமலைக்கு நிர்வாகியாக வந்தவர். மறுவருடம் பஞ்சம். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் அரிசிக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். தெற்கே சத்சுமா பகுதியிலிருந்து சர்க்கரைவள்ளிக்கிழங்கு வரவழைத்து நட வைத்தார். 1733இல் இறந்துபோனார். வெள்ளியை எண்ணி அனுப்பிய மற்ற நிர்வாகிகளை விட்டுவிட்டு, இவருக்குத்தான் 'கிழங்கு அதிகாரி' என்று செல்லப்பெயர் வைத்து இன்னும் கும்பிடுகிறார்கள்.

ஓடா நிலையத்தில் சுட்ட கிழங்கு கிடைக்குமா என்று தேடினோம். இல்லை. "வீட்டுக்குப் போய் அவிச்சுத் தர்றேன், ரயில் வந்துருச்சு, ஏறுங்க" என்றாள்.