பஸ்கா வாரத்துக் காலைச் சாப்பாடு

டொரோன்டோவில் பாதர்ஸ்ட் வீதியின் வடக்குப் பக்கம் யூதர்கள் நிறைய இருக்கும் பகுதி. அங்கே ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. சமையலும் செய்ய வேண்டும் என்றார்கள். சமையல்தானே என்று தலையாட்டிவிட்டேன். பஸ்கா வந்தபோதுதான் அந்தக் குசினியின் சட்டதிட்டம் முழுசாக விளங்கியது.

எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் விடுதலையாகி வெளியேறியதை நினைக்கும் பண்டிகை அது. இஸ்ரேலில் 7 நாள், வெளிநாடுகளில் பெரும்பாலும் 8 நாள். புளித்த மாவுக்கு இடமில்லை என்பதால் பாண், பிஸ்கட், நூடில்ஸ் ஒன்றும் வீட்டில் இருக்கக் கூடாது. வருடம் முழுக்கப் பாவித்த சட்டி பானை அலுமாரிக்குள் போய்விடும். பஸ்காவுக்கென்றே வைத்திருக்கும் பாத்திரங்கள் பேஸ்மெண்டிலிருந்து மேலே வரும். பாணுக்குப் பதில் மட்ஸா. மாவு புளிக்காதபடி, தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு முடித்த மொறுமொறு ரொட்டி.

அதோடு நின்றால் பரவாயில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்களின் வழக்கப்படி சோறு, பருப்பு, எள், கடுகு எல்லாமே விலக்கு. சோறில்லாமல்கூட ஒரு வாரம் ஓட்டிவிடலாம். கடுகில்லாமல் எதைத் தாளிப்பது? ஈராக் வழி வந்த யூதர்களோ அரிசியை ஒன்றுக்கு மூன்று முறை பொறுக்கிப் பார்த்துவிட்டு ஆக்கிச் சாப்பிடுகிறார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

பண்டிகையின் நடு நாட்களில் காலைச் சாப்பாடு மட்ஸா ப்ரை. அடுப்பை நான் மூட்டக் கூடாது, யூதர் ஒருவர்தான் மூட்ட வேண்டும். அந்த அம்மா ஊன்றுகோலோடு வந்து குமிழைத் திருப்பிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துகொள்வார். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளையில் உடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். இரத்தப் பொட்டு தெரிந்தால் வெளியே. மட்ஸாவைக் கையால் உடைத்து, சுடுதண்ணீர் ஊற்றி, உடனே வடித்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் களியாகிவிடும். பிறகு அடித்த முட்டையில் புரட்டி, உப்புப் போட்டு, பட்டர் உருகிய சட்டியில் கொட்டிக் கிளற வேண்டும். ஓரம் பொன்னிறமாகும்போது பார்த்தால் அசல் முட்டைக் கொத்துரொட்டிதான், கொத்தும் தாளச் சத்தம்தான் இல்லை.

சமைத்து முடித்தால் சண்டை தொடங்கும். அம்மாவின் குடும்பம் போலந்திலிருந்து வந்தது. அவருக்குச் சீனியும் கறுவாத் தூளும் வேண்டும். மகனுக்கு மிளகும் வதக்கிய வெங்காயமும். “இனிப்புப் போட்டால் அது சாப்பாடா?” என்பார் மகன். “உன் மனைவி வீட்டுப் பழக்கம்” என்பார் தாய். மட்ஸா சுடுவதற்கு நிமிடக் கணக்கு வைத்தவர்கள் சீனியா மிளகா என்பதற்கு ஒரு சட்டமும் எழுதவில்லை, அதனால் பஞ்சாயத்து தீருவதே இல்லை. நான் இரண்டு சட்டி வைத்துவிடுவேன்.

பக்கத்து வீட்டில் இன்னொரு கதை. அவர்கள் ஹசிடிக் என்ற, ஆசாரம் கூடிய யூதப் பிரிவினர். மட்ஸாவில் ஒட்டிய மாவு ஈரம் பட்டுப் புளித்துவிடுமோ என்று பயந்து முதல் 7 நாளும் அதை நனைக்கவே மாட்டார்கள். எட்டாம் நாள்தான் அவர்களுக்கு மட்ஸா ப்ரை.

பண்டிகை முடிந்ததும் மட்ஸாப் பெட்டிகள் கடையில் மலிவாகக் கிடைக்கும். இரண்டு மூன்று வாங்கி வந்து வீட்டில் பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டுச் செய்கிறேன். பிள்ளைகள் கெட்சப் கேட்கிறார்கள்.