ஜூலை 2025, தாம்வே, யாங்கோன்

ஜூலை 2, புதன்

சின்னவன் எல்லை தாண்டிப் போக இரவு பஸ்ஸில் ஏறிவிட்டான். இரண்டு சட்டை, ஒரு கைலி, வயிற்று மருந்து. போனில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டுத்தான் கிளம்பினான். கிட்டார் வேண்டாம் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். கிட்டாரோடு போகிற பையனை எல்லாரும் நின்று பார்ப்பார்களாம். சரிதான்.

ஜூலை 3

காலையில், தாய்லாந்து எல்லைக்குப் போகிற வழியில் இருக்கிற ஊரிலிருந்து ஒரு வரி வந்தது: பா-அன் வந்துவிட்டேன். அதோடு சரி.

மதியம் சும்மா உட்கார முடியவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து அண்ணனுடைய தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தேன். ஐசி, அதாவது அயர்ன் கிராஸ் என்ற பர்மிய ராக் இசைக்குழுவின் கேசட்டுகள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. அவன் கோலாலம்பூர் போனபோது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. பாதிக்கு அட்டை இல்லை. சிலவற்றில் டேப் ஓரமாக வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. இந்த ஊர் மழைக்கு எதுதான் தப்பும்.

ஜூலை 4

செய்தி இல்லை.

பிளேயர் ஓடவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ரப்பர் பெல்ட் உருகிக் கறுப்புத் தாராகச் சக்கரத்தில் ஒட்டியிருக்கிறது. விரலில் அப்பியது சோப்புக்குப் போகவில்லை, தேங்காய் எண்ணெய்க்குத்தான் போனது. இப்போது யார் வைத்திருப்பார்கள் இந்த பெல்ட்டை?

ஜூலை 5

தூக்கம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

1996 டிசம்பரில் பல்கலைக்கழகங்களைப் பூட்டினார்கள். நான் அப்போது இயற்பியல் முதல் வருடம். மறுபடி திறக்க 2000 ஆனது. என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் நடுவில் இப்படி ஒரு பள்ளம் உண்டு. அந்த வருடங்களில் உங்களிடம் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால், அயர்ன் கிராஸ் இருந்தது என்று சொல்வேன். வேறொன்றும் தோன்றவில்லை.

அப்பாவுக்கு டி.எம்.எஸ்., அம்மாவுக்கு சுசீலா. அண்ணன் ஐசியைப் போட்டால், "என்னடா இது, தகரத்தை உருட்டுற சத்தம்" என்பார் அப்பா. அவன் நிறுத்துவான். கீழே டீ கடையில் அதே கேசட் இன்னும் சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரியானால் தெருமுனையில் பையன்கள் கிட்டாரோடு கூடிவிடுவார்கள். நடைபாதையில் விற்கிற, கிட்டார் கார்ட்ஸ் குறித்த பாட்டுப் புத்தகம் ஒன்று நடுவில் விரிந்திருக்கும், பக்கத்தில் மெழுகுவத்தி. பெண்பிள்ளை நான் இறங்கிப் போக முடியுமா? மூன்றாவது மாடி பால்கனியில், சாமான் ஏற்றும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யார் எந்த இடத்தில் தடுமாறுவான் என்பதுகூட எனக்கு மனப்பாடம். ஐசி கிட்டார்காரர் சிட் சான் மௌங்கின் சோலோ வரும் இடத்தில் ஒருத்தனும் கம்பியைத் தொடமாட்டான். எல்லாரும் சேர்ந்து அதை வாயாலேயே பாடிவிடுவார்கள்.

பாட்டு வரி எல்லாம் அரசாங்கத் தணிக்கைக்குப் போய்த் திரும்பியதுதான். காதல், பிரிவு, அம்மா, அவ்வளவுதான் மிஞ்சும். ஆனால் ஐசி பாடகர் லே பியூவின் குரல் மேலே ஏறி உடைகிற இடம் இருக்கிறதே, அதை எந்தக் காகிதத்தில் எழுதி அனுமதி கேட்பது? கேட்டவர்களுக்குத் தெரியும் அது எதற்கான கத்தல் என்று. எனக்குத் தெரிந்தது. பத்தொன்பது வயதில் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது.

பிற்காலத்து ஆல்பங்கள் துலக்கமாக இருக்கின்றன. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கிறது. எனக்கு அது வேண்டாம். டிரம்ஸ் பின்னால் எங்கோ அடுத்த வீட்டில் அடிப்பதுபோலக் கேட்குமே, அந்த ஐசிதான் வேண்டும்.

மணி மூன்று. போனை இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

ஜூலை 6

இல்லை.

ஜூலை 8

மச்சான் வந்து உட்கார்ந்து, வழியில் எத்தனை சோதனை கேட், எந்த கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். இருந்தாலும் கேட்க முடியவில்லை.

இரவு அண்ணன் அழைத்தான். முதலில் சின்னவனைப் பற்றி. இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம் பெட்டியைத் திறந்ததைச் சொன்னேன், ஆரம்பித்துவிட்டோம். அவனைப் பொறுத்தவரை ஐசி என்றால் சோ ப்வே மூதான். இசைக்குழுவைத் தொடங்கியவர், கரேன் இனத்துக்காரர், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் குழு வேறு மாதிரி வளர்ந்திருக்கும், சொந்த மெட்டிலேயே நின்றிருக்கும் என்பது அவன் கட்சி. "நீ உருகுறது பாதி காப்பி பாட்டு. வெள்ளைக்காரன் மெட்டுல பர்மிய வரி. அதுக்குப் போய் கண்ணீர் விடுறே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காப்பி பாட்டு இல்லாமல் இந்த நாட்டில் எந்தத் தலைமுறை கிட்டார் கற்றது? 1914இல் போட்ட பதிப்புரிமைச் சட்டம்தான் இங்கே 2023 வரை இருந்தது. வெளிநாட்டுப் பாட்டுக்கு அதில் பாதுகாப்பே இல்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவில்லை, எடுத்தார்கள். எழுதியவர்களுக்கு ஒரு காசும் போகவில்லை என்பது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூலப் பாட்டைக் கேட்க எங்களுக்கு வழி இருந்ததா? எனக்கு முதலில் வந்து சேர்ந்தது பர்மிய வரிதான். எத்தனையோ வருடம் கழித்து ஆங்கிலத்தில் கேட்டபோது, இதை யார் இப்படிப் பாடிவைத்தது என்று அதைத்தான் காப்பி என்று நினைத்தேன். அந்த உணர்வை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

வைக்கும் முன் சொன்னான்: "பெட்டியில பவர் கேசட் இருக்கும் பாரு. 54 போட்ட முதல் பதிப்பு. அதை மட்டும் பத்திரமா வை."

ஜூலை 9

பவர் கேசட் கிடைக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தேடியாயிற்று. வேறு யாருடையதோ டப்பாவில் மாறியிருக்கலாம்.

ஜூலை 10

நேற்று வாசோ பௌர்ணமி, பௌத்தர்களுக்கு விசேஷ நாள். கீழ்வீட்டு ஆன்ட்டி புத்தர் பகோடாவுக்குப் போய்வந்து பிரசாதம் கயிற்றில் மாட்டி அனுப்பினார். அவர் பேரனும் இங்கே இல்லை. அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மழை விடவே இல்லை.

ஜூலை 12, சனி

பெல்ட் கிடைத்தது! டவுன்டவுனில், ரைஸ் குக்கர் ரிப்பேர் பார்க்கிற கடை ஒன்றில், ஒரு பெரியவர் பிளாஸ்டிக் டப்பா நிறைய வைத்திருக்கிறார். அளவு சொல்லத் தெரியாமல் சக்கரத்தையே கழற்றிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தார், இன்னொன்றை எடுத்தார், இது என்று கொடுத்தார். எதற்கு என்று கேட்டார், ஐசி கேட்க என்றேன். காசு வாங்கிக்கொண்டார், ஆனால் கூடவே சின்னப் பஞ்சுத் துண்டு இரண்டு மடித்துக் கொடுத்தார். கேசட்டுக்குள் டேப்பைப் பிளேயரின் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற பஞ்சு, அது விழுந்திருந்தால் சத்தம் அமுங்கிவிடும், ஒட்டிக்கொள் என்றார். எனக்குத் தெரியாத விஷயம். வீட்டில் பார்த்தால் நாலில் ஒன்றுக்குப் பஞ்சு விழுந்திருக்கிறது.

மின்சாரம் வந்ததும் போட்டேன். வேகம் சற்று இழுக்கிறது. பரவாயில்லை. முதல் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஒரு வெற்று இரைச்சல் வரும், அந்த இரைச்சலிலேயே அடுத்த பாட்டின் சுருதி எனக்குள் வந்துவிட்டது. உடம்பு எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. லே பியூ மேலே போகிற இடத்தில் நான் அழுதேன், சின்னவனின் அப்பா பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். சின்னவனுக்கும் இந்த இடம் பிடிக்கும். போனில் கேட்டுக் கேட்டுப் பழகியவன். கிட்டாரில் இதை வாசிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வான்.

ஜூலை 13

செய்தி இல்லை. இன்று எதையும் போடவில்லை.

ஜூலை 14

மூத்தவள் மாந்தலேயிலிருந்து பேசினாள். மார்ச் 28 நிலநடுக்கத்தில் விட்ட விரிசலை வீட்டுக்காரர் இன்னும் பூசவில்லையாம், மழைத் தண்ணீர் இறங்குகிறதாம். தம்பி பேசினானா என்றாள். பேசுவான் என்றேன்.

ஜூலை 15

"சேர்ந்தாச்சும்மா. போன் மாத்திட்டேன். அப்புறம் பேசுறேன்."

வேறு எண்ணிலிருந்து. அவன்தானா என்று சந்தேகம் வந்து, கிட்டாருக்கு நீ வைத்த பேர் என்ன என்று கேட்டேன். சரியாகச் சொன்னான்.

ஜூலை 16

நாள் முழுக்கத் தூங்கினேன்.

ஜூலை 18, ஆடி வெள்ளி

அனவ்ரத்தா சாலை காளி கோயில். கூட்டம், குடை, ஈரச் சேலை. நேர்ந்துகொண்டபடி எலுமிச்சை மாலை போட்டேன். அவன் பேரைச் சொல்லாமல் நட்சத்திரம் மட்டும் சொல்லி அர்ச்சனை.

கூழ் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளைப் பார்த்தால், முப்பத்தெட்டாம் தெரு வீட்டில் என்னோடு டியூஷன் படித்தவள். தலை பாதி நரைத்துவிட்டது. நான் லே பியூ ஆள், அவள் ஐசியின் இன்னொரு பாடகர் மியோ ஜீ ஆள், அந்தக் காலத்தில் இதற்காகப் பேசாமல்கூட இருந்திருக்கிறோம். கேசட் போட்டுக் கேட்கிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே, தூக்குவாளியும் கையுமாக, ஒரு பாட்டின் பல்லவியை மெதுவாகப் பாடினாள். அட்சரம் பிசகவில்லை. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா மேடையில் ஐசி வாசித்தபோது தண்ணீர் அடித்து, குளிரில் பல் கிடுகிடுக்க நின்று கேட்டதை நினைவுபடுத்தினாள். அப்போது நாங்கள் இருவரும் அவரவர் அண்ணன் பின்னால் ஒளிந்து நின்றோம். "நம்ம அளவுக்கு யாருடி கேட்டிருப்பா?" என்றாள். உண்மை. மேடைக்கு முன்னால் ஆடியவர்கள் ஆண்பிள்ளைகள். சமையலறையில், பால்கனியில், தையல் மிஷின் பக்கத்தில் கேட்டவர்கள் நாங்கள். எங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அவளுக்கும் ஒரு மகன். அவன் எங்கே என்று சொன்னாள். இங்கே எழுதவில்லை.

ஜூலை 20

குரலில் பேசினான்! ஒரே அறையில் ஆறு பேர். சமையலறையில் வேலை, வெங்காயம் உரிப்பது. சாப்பாடு உண்டு. பேப்பர் போட எவ்வளவு ஆகும் என்று கணக்குச் சொன்னான், அவர் எழுதிக்கொண்டார். இருமல் இருக்கிறது. கேட்டால் இல்லை என்கிறான்.

ஐசி கேசட் ஓடுகிறது என்று சொல்ல வாய் வந்தது, அதற்குள் இணைப்புப் போய்விட்டது.

ஜூலை 21

பவர் கேசட் கிடைத்தது. அம்மாவின் கந்த சஷ்டி கவசம் டப்பாவுக்குள் இருந்தது.

அட்டை இல்லை. கேசட்டின் மேலேயே ஒட்டின காகிதத்தில் பவர் என்ற எழுத்து இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் காகிதம் சுரண்டப்பட்டிருக்கிறது. பிளேடால், நிதானமாக, எண் இருந்த அளவுக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் கீறல் தெரிகிறது. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தான்.

"நான் செய்யல."

அந்த ஆல்பம் வந்தபோது 54 எதைக் குறிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பல்கலைக்கழக அவென்யூ, 54ஆம் இலக்க வீடு, ஆங் சான் சூச்சியின் வீடு. அதிகாரிகளுக்குப் பிறகுதான் உறைத்தது, எண்ணை எடுக்கச் சொன்னார்கள். பவர் மட்டும் மிஞ்சியது. அது கடையில் விற்ற கேசட்டுக்கு. எங்கள் வீட்டுக் கேசட்டுக்குள் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

பிளேடு அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். தினமும் முகம் மழித்துவிட்டு, பழைய பிளேடைக் காகிதத்தில் சுற்றி அலமாரி மேல் வைப்பார். 1964இல் கடையைத் தேசியமயமாக்கியபோது, சித்தப்பா குடும்பம் கப்பலேறி வியாசர்பாடிக்குப் போனபோது, இங்கேயே இருக்கிறேன் என்று நின்றவர். எதையும் எழுத்தில் வைத்திருக்கக்கூடாது என்பார். தகரச் சத்தம் என்று திட்டிய கேசட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. எண்ணை மட்டும் எடுத்துவிட்டு, கவசத்துக்குள் வைத்திருக்கிறார்.

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "போட்டுப் பாத்தியா?" என்றான்.

ஜூலை 22

போட்டேன். ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது.

ஜூலை 23

பிளேயரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து போனுக்கு வயர் மாட்டிப் பாட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறேன், கடைக்காரப் பெரியவர் சொல்லிக்கொடுத்த வழி. 90 நிமிட கேசட், ஒரு பக்கம் 45. நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. யூடியூபில் எல்லாம் இருக்கிறதே என்கிறார் சின்னவனின் அப்பா. அதில் இந்த இழுப்பு இல்லை, இந்த இரைச்சல் இல்லை, எங்கள் வீட்டில் ஓடி ஓடித் தேய்ந்தது அதில் இல்லை. சின்னவனுக்கு இதைத்தான் அனுப்ப வேண்டும். வெங்காயம் உரிக்கும்போது கேட்கட்டும்.

ஜூலை 24

ஏ பக்கம் முடிந்தது, அனுப்பிவிட்டேன். இன்னும் பார்க்கவில்லை. இருமலுக்கு ஆடாதோடை சொன்னேன், அங்கே எங்கே கிடைக்கும். பி பக்கம் ஓடுகிறது, இரண்டாவது பாட்டு. மின்சாரம் ஐந்து மணி வரைதான். மூத்தவள் அழைக்கிறாள், மீதி பிறகு