கேஜ் ஒன்று கேட்கும், குழல் இன்னொன்று கேட்கும்

கோவையில் பம்ப் உதிரிகள் செய்யும் பட்டறை ஒன்றில் பதினோரு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். டெக்சாஸுக்குக் குடிவந்த பிறகு கிடைத்ததும் அளவு சரியா என்று பார்க்கும் கேஜ் பிடிக்கிற வேலைதான், பொருள் மட்டும் வேறு. போட்டிகளில் சுடுபவர்களுக்காகக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மறுபடி அடைத்துக் கொடுக்கும் சிறிய இடம் அது. அமெரிக்காவில் விற்பனைக்குத் தோட்டா செய்ய ‘06’ வகை உரிமம் வேண்டும். அது எங்கள் வாசல் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும்.

பெரும்பாலும் 9 மி.மீ. தோட்டாக்கள்தான். 1902 வாக்கில் கேயார்க் லூகர் வடிவமைத்த அதே தோட்டா. பார்க்க நேரான உருளை போலிருக்கும், ஆனால் அடியில் 0.391 அங்குலம், வாயில் 0.380. அந்தப் பதினோரு ‘தௌ’ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சரிவுக்குள்தான் எங்கள் வேலை முழுவதும் அடங்கியிருந்தது. இதன் பித்தளைக் கூடு, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் தன் வாய் விளிம்பை முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதனால் ரிவால்வர் தோட்டாவுக்குச் செய்வதுபோல விளிம்பை உள்ளே சுருட்டிவிடக் கூடாது. சுருட்டினால் நிற்க இடமில்லை.

சுட்ட கூடு அழுத்தத்தில் உப்பிப்போய் வரும். பிரஸ் என்ற அழுத்து இயந்திரத்தில் நான்கு டைகள், அதாவது அச்சுகள். முதல் டை அதை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும், மருந்தைப் பற்றவைத்துச் செத்துப்போன பிரைமரையும் தள்ளிவிடும். இரண்டாவது டை வாயைக் கொஞ்சம் மலர்த்தும். மூன்றாவது குண்டை உட்கார வைக்கும். நான்காவது கிரிம்ப் டை, மலர்ந்த வாயை நேராக்கும். குண்டின் விட்டம் 0.355, கூட்டின் சுவர் பக்கத்துக்குச் சுமார் 0.011. இரு பக்கமும் சேர்த்துக் கூட்டினால் 0.377. கிரிம்ப் டையிடம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான். குண்டைப் பிடித்து வைப்பது அதன் வேலையில்லை, முதல் டை இறுக்கிய பித்தளையின் வேலை. இது எனக்குப் புரிய ஒரு மதியம் முழுக்கச் செலவானது.

அன்று சோதித்த தோட்டாக்களில் பத்துக்கு மூன்று, துப்பாக்கி அறையின் அளவுக்குத் துளையிட்ட கேஜில் முழுதாக இறங்கவில்லை, நகக்கண் அளவு வெளியே நின்றன. வாய்தான் அகலமாக இருக்கிறது என்று முடிவு செய்து கிரிம்ப் டையைக் கால் சுற்று இறக்கினேன். கொஞ்சம் தேறியது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். மாலையில் எங்கள் இடத்துப் பெரியவர் வந்து ஒரு தோட்டாவை எடுத்து, குண்டின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். குண்டு கூட்டுக்குள் இறங்கிவிட்டது. நான் பேச்சற்று நின்றேன்.

அளவுக்கு மீறி இறுக்கினால் ஈயம் நசுங்கி அப்படியே நின்றுவிடும், பித்தளையோ சற்று விரிந்து திரும்பும். இடையில் பிடிமானம் போய்விடும். துப்பாக்கிக்குள் ஏறும்போது அந்தக் குண்டு பின்னுக்குப் போனால் வெடிமருந்துக்கான இடம் குறைந்து அழுத்தம் ஏறும். சுடுகிறவரின் கையும் முகமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

உண்மையான கோளாறு முதல் டையில். அதை இடத்தில் நிறுத்தும் லாக் ரிங் தளர்ந்து டை மேலே ஏறியிருந்தது. அடிப்பக்கத்து உப்பல் இறங்காமலே கூடுகள் அடுத்தடுத்த நிலைக்குப் போயிருக்கின்றன. நான் திருகியது நான்காவது டையை. அடியில் இருந்த நோய்க்கு வாயில் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

“கேஜ் எங்கே தடுக்கிறது என்று பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அவர் ஒரு தோட்டாவுக்கு மார்க்கரால் முழுக்கக் கறுப்பு பூசி, கேஜில் விட்டுச் சுழற்றி எடுத்துக் காட்டினார். அடியில் வளையமாக மை உரிந்திருந்தது. பதினோரு வருடம் பிளக் கேஜ் பிடித்தவனுக்கு அந்த வளையம் புதிதல்ல. பம்ப் ஷாஃப்ட்டுக்கு நீலம் பூசிப் பார்ப்போமே, அதேதான். பொருள் மாறியதும் கை மறந்துவிட்டது.

அன்று அடைத்த 340 தோட்டாக்களையும் பிரித்தோம். குண்டைக் கழற்றும் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி, மருந்தைத் தனியாக, குண்டைத் தனியாக. இரவு எட்டரை வரை அவரும் கூட உட்கார்ந்தார்.

டை வைக்கும் விதத்தையும் அதன்பின் மாற்றிக்கொண்டேன். முதல் டை, கூட்டைப் பிடிக்கும் ஷெல் பிளேட்டில் தொட்டதும் ஒரு இழை மேலே தூக்க வேண்டும், மோதினால் உள்ளே இருக்கும் கடினமான கார்பைடு வளையம் விரிசல் விடும். கூடு உள்ளே இருக்கும்போதே லாக் ரிங்கை இறுக்கினால் டை நடுவில் நிற்கும். எல்லா நிலையிலும் கூடு இருக்கும்போதுதான் அளக்க வேண்டும், ஏனென்றால் சுமை ஏறினால் பிரஸ் சற்று வளையும், காலியாக வைத்து எடுத்த நீளம் ஓட்டத்தில் வராது. ரிங்குக்கும் பிரஸுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டேன். கோடு முறிந்திருந்தால் தளர்ந்திருக்கிறது.

கேஜில் இறங்கிய தோட்டாவும் சில குழல்களில் தடுக்கும். பெரும்பாலான கேஜ்கள் கூட்டைத்தான் சோதிக்கின்றன, குண்டின் தோள் எங்கே இருக்கிறது என்று அவை கேட்பதில்லை. குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் சீக்கிரம் தொடங்கும் குழலில் குண்டு முன்னால் போய் முட்டும். மொத்த நீளம் 1.169 அங்குலம் என்ற உச்சத்துக்குள் இருந்தாலும் முட்டும். அப்போது மை குண்டின் தோளில் உரியும், மூன்றாவது டையைத்தான் இறக்க வேண்டும். ஆழம் கூடினாலும் அழுத்தம் கூடும் என்பதால், மருந்து அளவைக் கையேட்டில் மறுபடி பார்க்காமல் அதைத் தொடுவதில்லை.

எனவே புதிய வாடிக்கையாளர் வந்தால் துப்பாக்கியைப் பிரித்துக் குழலை மட்டும் கொண்டுவரச் சொல்கிறோம். மருந்தும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து மேலிருந்து விடுவேன். ‘டொக்’ என்று உட்கார வேண்டும், விரலால் திருகினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், குழலைக் கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். போன வாரம் வந்தவருடையது விழவில்லை. மார்க்கரை எடுத்தேன்.