உணவுப் பெட்டிக்கு வெளியே

சீலியாக் நோய் உள்ள என் மகளைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கியபோது, உணவுப் பெட்டியைச் சரியாக நிரப்பிவிட்டால் கவலை தீர்ந்தது என்றே நினைத்திருந்தேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம், இந்நோய் உள்ளவர்களின் சிறுகுடலில் சத்துகளை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகளை அவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலமே சிதைக்கும்படி தூண்டிவிடுவதால், 'கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. 'குளூட்டன் இல்லாதது' என்று குறிக்கப்படும் உணவுக்குப் பன்னாட்டு உணவுத் தர நெறியான கோடெக்ஸ் வகுத்துள்ள உச்ச வரம்பே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். பக்கத்து மாணவியின் ரொட்டித் துணுக்கு மேசையிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து வாய்க்கும் போவது ஏன் சிறிய விஷயமல்ல என்பது இதிலிருந்தே விளங்கும். கைகளுக்கான கிருமிநாசினி குளூட்டனை அகற்றாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

நான் சற்றும் எதிர்பாராத இடம் கைவினை வகுப்பு. உருவங்கள் பிடிக்கும் வண்ண மாவு பலவற்றில் கோதுமை இருக்கிறது; ஒரு நாள் மாலை அவளுடைய நகக்கண்ணில் அது நீலமாகக் காய்ந்திருந்ததைப் பார்த்தபிறகே எனக்கு உறைத்தது. மறுநாள் ஒரு பக்கக் கடிதத்தோடு, மக்காச்சோள மாவில் நானே பிசைந்த உருண்டையையும் ஆசிரியரிடம் கொடுத்தேன். வகுப்புத் தோழர்களின் பிறந்தநாள்களுக்காக, அவள் சாப்பிடக்கூடிய இனிப்புகள் அடங்கிய டப்பா ஒன்றும் இப்போது அவருடைய அலமாரியில் இருக்கிறது. அது காலியாகும் வேகத்துக்குப் பிறந்தநாள்கள் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.