ரசீது இல்லாத பணம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிறுநகரில் வழக்கறிஞர் அலுவலகக் கிராணியாக, அதாவது எழுத்தராக, நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். ஒரு வழக்கறிஞர், அரசு அதிகாரியின் கையில் லஞ்சப் பணத்தைத் திணிப்பதை அந்தக் காலத்தில் ஒருமுறைகூடக் கண்டதில்லை. கணக்கில் ஏறாத பணத்தைத்தான் கண்டிருக்கிறேன்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு தம்பதியர் தங்கள் வீட்டு நிலப்பட்டாவை மகன் பெயருக்கு மாற்ற வந்திருந்தார்கள். வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி, பட்டா தேடல் கட்டணம் என எல்லாவற்றுக்கும் ரசீது போடப்பட்டது. ஆனால், வேலை சீக்கிரம் முடிய நில அலுவலகத்தில் 'காப்பிக் காசு', அதாவது கையூட்டு, தரவேண்டும் என்று வழக்கறிஞர் வாங்கிய 800 ரிங்கிட்டுக்கு மட்டும் ரசீதும் இல்லை, பில்லில் ஒரு வரியும் இல்லை. கோப்பின் உள்ளட்டையில் பென்சிலால் '800' என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

ஆறு மாதம் கடந்தும் பட்டா கைக்கு வராதபோது, புகார் கொடுக்கலாம் என்று அவர்களிடம் சொன்னேன். பெரியவர் கேட்டார்: "கொடுத்தது நாங்கதானம்மா, எங்களையும் உள்ள தள்ளிடுவாங்களா?"

அந்தப் பயம் ஆதாரமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்குபவரைப் போலவே கொடுப்பவரும் குற்றவாளி; தண்டனை 20 ஆண்டு வரை சிறை, அதோடு கையூட்டின் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். தகவல் தருவோரைக் காக்க வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டமும், முறைகேட்டில் தானே பங்கெடுத்தவருக்குப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ள இடம் வைத்தே எழுதப்பட்டது. கேட்டது படித்தவர், கொடுத்தது பாமரர் என்றாலும் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுவதால், வாய் திறக்க வேண்டியவர்களே முதலில் வாயை மூடிக்கொள்கிறார்கள். (தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் காலத்திலிருந்தே எதற்கும் கொடுத்துப் பழகிய சனம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

இன்னொரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ் இயங்கும் ஒழுங்கு வாரியத்துக்கு யாரும் எழுத்து மூலம் புகார் தரலாம். விசாரிக்கும் குழுவில் வழக்கறிஞர் அல்லாத ஒருவரும் இருப்பார். கண்டனம், அபராதம், ஐந்தாண்டு வரை தொழில் தடை, வழக்கறிஞர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் வரை வாரியம் விதிக்கலாம். இங்கே கையூட்டை நிரூபித்தாக வேண்டும் என்பதில்லை. கட்சிக்காரருக்காக வாங்கிய பணம் அதற்கென்று வைத்த தனி வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் கணக்காய்வாளர் பார்த்துச் சான்று தரவேண்டும். ஏறாத பணத்துக்கு வழக்கறிஞர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே, வாரியத்துக்கு அனுப்பப் பெரியவருக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில் ரசீதில்லாத 800 ரிங்கிட்டும், அதை வாங்கிய நாளும் மட்டுமே இருந்தன. வாரியத்திலிருந்து வழக்கறிஞருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போன சில நாட்களில் பணம் திரும்ப வந்தது. ஆனால் விசாரணை அதோடு நிற்காமல், அபராதத்தில் முடிந்தது. அந்தப் பணம் நில அலுவலகத்தை எட்டியதா, மேசை இழுப்பறையிலேயே தங்கியதா என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரியவரும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்பதால், கேட்காமல் விட்டதில் எனக்கு நிம்மதிதான். ஆனால், உண்மையிலேயே பணத்தை வாங்கிய அதிகாரி ஒருவர் இருந்திருந்தால், அவரும் அதே நிம்மதியோடுதான் இருந்திருப்பார்.