ரணகள்ளிக்குத் தூரத்துச் சொந்தம்

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஊட்டியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு நர்சரியில் 80 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற, ரோஜா வடிவில் சதைப்பற்றான இலை அடுக்கிய செடி. பெயர் கிராப்டோபெட்டாலம் பராகுவாயென்ஸ். பெயரில்தான் பராகுவே, சொந்த ஊர் மெக்சிகோ. இலையெல்லாம் திருநீறு பூசினாற்போல் வெண்பொடி. கோவை வந்து சேர்வதற்குள் என் கட்டைவிரல் ரேகை ஒரு இலையில் பதிந்துவிட்டது.

ஆகஸ்ட் 12

தொட்டியில் வெறும் தேங்காய் நார்க்கழிவு. போன வருஷம் இதே மாதிரி ரோஜா வடிவச் செடியான ஒரு எச்செவேரியா இதிலேயே ஈரம் காயாமல் அழுகிப் போனது. இந்த முறை சலித்த பருமணல், செங்கல் பொடி, கொஞ்சம் செம்மண். மாற்றும்போது ஆறு இலை உதிர்ந்தது. ஒன்று பாதியில் ஒடிந்ததால் குப்பைக்குப் போனது. உதிர்ந்த இலையிலிருந்தே குட்டிச் செடி முளைக்கும், ஆனால் இலையின் அடிமுனை தண்டிலேயே தங்கிவிட்டால் குட்டி வராது. மீதி ஐந்தையும் சமையலறை ஜன்னலில் பேப்பர் விரித்துக் காயவைத்தேன்.

“நம்ம ரணகள்ளி மாதிரிதானே?” என்றார் அம்மா. ஒரே குடும்பம்தான். ரணகள்ளிக்கு இலை ஓரத்தில் முளைக்கும், இதற்கு இலையின் அடிமுனையில்.

ஆகஸ்ட் 21

“செடியைப் பட்டினி போடுறியே” என்று அம்மா தினமும் தண்ணீர் தெளித்திருக்கிறார். ஜன்னலில் இருந்ததில் இரண்டு இலை வெந்த ஜவ்வரிசி போல் கண்ணாடியாகிவிட்டது. தொட்டதும் நீர் கசிந்தது. கோபம் வந்தது, சொல்லவில்லை.

செப்டம்பர் 5

அரிசி டின்னுக்குப் பின்னால் உருண்டு விழுந்திருந்த ஒரு இலை இன்று கிடைத்தது. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனால் அடிமுனையில் ரோஸ் நிறத்தில் நூல் நூலாக வேர், நடுவே மிளகளவு குட்டி ரோஜா! நான் பார்த்துப் பார்த்து வைத்ததில் மிஞ்சிய இரண்டிலும் வேர் மட்டும்தான்.

அக்டோபர் 17

மழைக்குப் பயந்து தாய்ச்செடியை வீட்டுக்குள் வைத்தது தப்பு. வெளிச்சம் போதாமல் தண்டு நீண்டு, இலைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. நீண்டது திரும்பக் குறுகாது. தலையை இரண்டு அங்குலத் தண்டோடு அறுத்து நிழலில் வைத்தேன். அறுத்த இடம் காய்ந்து தோல் கட்டட்டும், நாலைந்து நாள் கழித்து நடலாம். மொட்டைத் தண்டு பால்கனியில், சன்ஷேடுக்குக் கீழே.

நவம்பர் 24

தலை வேர்விட்டுவிட்டது, லேசாக இழுத்தால் பிடித்துக்கொள்கிறது. மொட்டைத் தண்டில் மூன்று துளிர். அரிசி டின் குட்டி இப்போது ஒரு ரூபாய்க் காசு அளவு. அதைப் பெற்ற இலை உலர்திராட்சை போலச் சுருங்கி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிய்க்கப் போனால் வேரும் வந்துவிடும், அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு ஒன்று வேண்டுமாம். கொட்டாங்குச்சியில் ஆணி வைத்து ஓட்டை போட்டுக்கொண்டே அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “தண்ணி மட்டும் ஊத்திடாதம்மா, செத்துடும்.”